கதவுக்குக் குறுக்கே ஆட்ரி

ஆட்ரி பிளெங்கின், நூலகத்தைப் பூட்ட வந்த கவுன்சில் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டாராம். மீன் கடைக்காரரின் மைத்துனி பேருந்தில் கேட்ட சேதி. பதறிப்போய் ஓடினேன்.

அப்படி அறையவெல்லாம் இல்லை. வாசலுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில், வியாழக்கிழமைகளில் நாங்கள் கூடி வாசிக்கும் புத்தகம். வெளியே மழையில் சாவியோடு அந்த இளம் அதிகாரி.

இந்த ஆங்கிலேயக் கடலோர ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் ஆட்ரி. அவர் பிறந்த தெருவைக் கடல் தின்றுவிட்டது. கணவர் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போனபோது, "எனக்கு வேர்க்கும்" என்று இங்கேயே தங்கிவிட்டார். அப்புறம்தான் நூலகத்தில் எங்களோடு பழம்பாட்டு வாசிக்க வந்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம். அது புரியாததில் இவ்வூர்க்காரர்களும், வெளிநாட்டிலிருந்து வந்த நானும் ஒரே வகுப்பு.

வாசித்ததும் எதிரே இருக்கும் பப்புக்குக் குடிக்கப் போவோம். மருந்துக்கடை வைத்திருந்த கிளைவ் ஒருநாள் அலுத்துக்கொண்டார்: "எதை எடுத்தாலும் அதே பனி, அதே கடல், தலைவன் செத்தான்னு அதே அழுகை. இவங்ககிட்ட வேற சரக்கே இல்லையா?"

"அழுகையை விடு. எல்லாத்துலயும் ஒருத்தன் குடிக்கும்போது சவடால் விடுறான். மறுநாள் சண்டையில எங்க நின்னான்கிறதுதான் கதையே" என்றார் ஆட்ரி.

போன வாரம் நூலகத்தை மூடும் உத்தரவு வந்தது. கிளைவ் கோப்பையைத் தூக்கி, "என்னைத் தூக்கி வீசிட்டுத்தான் பூட்டணும்!" என்றார். மேசையே "நானும்!" என்று முழங்கியது. விசாவுக்கு வம்பாகிவிடுமோ என்று நான் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆட்ரி மிச்சத்தைக் குடித்துவிட்டு, "சரி, நானும்" என்றார்.

இன்று வாசலில் அவர் ஒருவர்தான்.

"கிளைவ் எங்கே?"

"முட்டிவலியாம். மத்தவங்களுக்குச் சளி. பாட்டுல சண்டையை விட்டு ஓடுறவனுக்குக் குதிரையாவது இருக்கும்."

"போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும், மேடம்" என்றார் அதிகாரி.

"கூப்பிடு தம்பி. அந்த ஸ்டேஷன்ல பாதிப் பேர் என் பஸ்ல வாந்தி எடுத்தவங்கதான்."

அதிகாரி ஒதுங்கிப்போய்க் கைப்பேசியில் யாரிடமோ முணுமுணுத்தார்.

"தனியா உக்காந்து என்ன ஆகப்போகுது, ஆட்ரி?" என்றேன்.

"தோத்துத்தான் போவோம் கண்ணு. பாட்டுல நின்னவங்க எல்லாம் தோத்தவங்கதானே? அதுக்காக நகர்ந்தாங்களா?"

உள்ளே மேசைத் தொலைபேசி அலறியது.

"எங்க இயக்குநர். உங்ககிட்டதான் பேசணுமாம். எழுந்து போய் எடுங்க மேடம்" என்றார் அதிகாரி, சாவியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

"நான் எழுந்தா வாசல் உனக்கு. எத்தனை பிள்ளைங்களை மேய்ச்சிருக்கேன், என்கிட்டயா?"

"நான் போய் எடுக்கட்டுமா?" என்றேன்.

"அடிக்கட்டும் விடு. நீ உள்ள போய் இன்னொரு நாற்காலி கொண்டா."

கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். வாசலில் இப்போது இடைவெளி இல்லை. ஆட்ரி புத்தகத்தைப் பிரித்து, மணியோசைக்கு மேலே குரலை உயர்த்தி வாசிக்கத் தொடங்கினார். அது ஓயவில்லை, அவரும் ஓயவில்லை.