பன்னிரண்டு சஹன் கொள்ளும் கூடம்

அன்று காலை கடை வாசலில் லாரியிலிருந்து டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். மூலை உடைந்த பெட்டிகளை நான் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தபோது குவைத்திலிருந்து மைமூன் அக்காவின் மூத்த மகன் பஷீர் அழைத்தான்.

"மாமா, அம்மா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல. சாயங்காலம் அஸருக்கு அடக்கம்னு சொல்றாங்க. என்னால வந்து சேர முடியாது. நீங்க போங்க மாமா."

சரி என்று மட்டும் சொன்னேன். போனை வைத்ததும் அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின நாள் மாலை இதே போனில் மைமூன் அக்கா என்னை அரை மணி நேரம் திட்டித் தீர்த்திருந்தார். யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு நான் சொன்ன விலை அநியாயமாம். "ஒன்னய நம்பி ஒரு மனுசன் வூடு கட்ட முடியுமா?" என்று கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் வைத்துவிட்டார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அது. அவருக்கும் எனக்கும் இருந்த உறவுக்கு அதைவிடப் பொருத்தமான கடைசிப் பேச்சை யாராலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

லப்பைக்குடிக்காட்டில் மைமூன் அக்காவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பெரம்பலூரில் டைல்ஸ் விற்பவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் இருக்க முடியாது. இதைப் படிக்கும் நீங்கள் எங்கள் பக்கத்துக்காரர் என்றால் இந்த இரண்டில் ஒரு வகையாகத்தான் இருப்பீர்கள். ஆகவே அவரைப் புனிதவதியாக்கி எழுத எனக்கு வழியே இல்லை. அவர் சத்தமாகப் பேசுவார். பேரம் முடிந்த பிறகும் பேரம் பேசுவார். சுவரோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டியில் நான்கு துண்டை இலவசமாக எடுத்துக்கொண்டு, "தம்பி கடைதானே" என்று போய்விடுவார். அப்படியும் அவர் கடைப்படி ஏறும் நாளில் எனக்குப் பொழுது போனதே தெரியாது.

கணவர் சவுதியில் இருந்த காலத்தில் தன் வீட்டை ஒற்றை ஆளாக நின்று கட்டியவர் அவர். ஊரில் பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். வீடு இங்கே எழும்பும். பணம் அனுப்புகிறவர்கள் போனில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. அந்த வீடுகளுக்கெல்லாம் அக்கா போய் நிற்பார். கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார். காசு வாங்க மாட்டார். வீடு குடிபோகும் நாளில் சாப்பாட்டுக்கு அழைக்க மறந்தால் மட்டும் அந்த ஆளை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார்.

முதல் முறை என் கடைக்கு வந்தபோது அவர் கையில் இருந்த போனில் துபாய்க்காரர் ஒருவர் வீடியோவில் தெரிந்தார். நான் வழக்கம்போல, "சதுர அடி அம்பது ரூபாய் சார், உங்க ஹாலுக்கும் ரூமுக்கும் இவ்வளவு வரும்" என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். துபாய்க்காரர் மகிழ்ந்து போனார். அக்கா போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"செய்கூலி, சேதாரம் எவ்ளோ?"

நகைக்கடை என்று நினைத்து ஏறிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். "அக்கா, இது டைல்ஸ் கடைங்க" என்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியுது தம்பி. தங்கம் வாங்கப் போனா கிராம் ரேட்ட மட்டும் பாத்துட்டா காச எண்ணிக் குடுக்கறோம்? செய்கூலி என்ன, சேதாரம் என்னன்னு கேக்கறோம்ல? பழைய தரைய ஒடைக்க ஆளு, அத அள்ள டிராக்டரு, சிமெண்டு, மணலு, ஒட்டுறவன் கூலி, ஓரத்துல வெட்டி வீணாப் போற துண்டு, செவுத்தோரம் ஒட்டுற பட்டி. இதெல்லாம் அந்த அம்பது ரூவாயில வருமா?"

வராது என்று எனக்குத் தெரியும். எல்லாம் சேர்ந்தால் சதுர அடி நூறைத் தாண்டி ஓடும் என்றும் தெரியும். ஆனால் ஐம்பது என்று சொன்னால் ஆள் உட்காருவார். நூறைத் தாண்டினால் எதிர்க்கடைக்கு எழுந்து போவார். தொழில் அப்படித்தான் நடக்கிறது என்று நான் அக்காவிடம் விளக்கினேன். "ஒன் தொழிலு நடக்கட்டும். பாதித் தரையோட நின்னுபோற வூட்ல யாரு நடக்கறது?" என்று கேட்டார். துபாய்க்காரருக்கு அன்று முழு விலை சொல்லப்பட்டது. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனால் ஆர்டர் எனக்குத்தான் வந்தது.

இன்னொரு நாள் கல்லங்குறிச்சிக்காரர் ஒருவர் மக்காச்சோளம் விற்ற பணத்தோடு வந்திருந்தார். வீடு முழுக்கப் போட வேண்டும் என்றார். நான் ஐம்பது என்று வாயைத் திறப்பதற்குள், ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா செய்கூலி சேதாரம் எல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டார். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "அக்கா, நீங்க டீ குடிக்க வந்தீங்களா, என் கடைய மூட வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஓடிப் போவல தம்பி. வூட்டுக்காரியக் கூட்டியாரப் போறாரு. கணக்கு முழுசாத் தெரிஞ்சா ஆம்பள தனியா முடிவெடுக்க மாட்டான்."

அடுத்த வாரம் அவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் யோசித்து, கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் மட்டும் எடுத்தார். மற்ற அறைகள் அடுத்த வெள்ளாமைக்கு என்று நிறுத்திக்கொண்டார். எடுத்த வேலை ஒரே மூச்சில் முடிந்தது. அதன்பிறகு அவர்கள் உறவினர்கள் யார் தரை போட்டாலும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். அக்கா இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

பரப்பளவை அவர் சதுர அடியில் சொல்லவே மாட்டார். சஹன் கணக்குதான். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு சஹன். ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் வலது காலால் தரையில் வட்டம் வட்டமாகக் கோடு இழுப்பதுபோல நடப்பார். நடந்து முடித்து, "இது ஆறு சஹன்" என்பார். "சஹன்ல மூணு பேரு உக்காந்தா சோறு மிஞ்சும், அஞ்சு பேரு உக்காந்தா சந்தோசம் மிஞ்சும். ஆனா எடம் போடறது நாலு பேருக்குத்தான்" என்பது அவர் வாக்கு.

பேத்தியின் கல்யாணத்துக்காக அவருடைய சொந்த வீட்டுக்குத் தரை போடும் நாள் வந்தது. பஷீர், அவனுக்கு இளையவர்கள் இரண்டு பேர் என்று மகன்கள் மூவரும் மூன்று நாடுகளில் இருந்தார்கள். ஒருவன் விடுப்பில் வரும்போது மற்றவன் திரும்பிப் போயிருப்பான். இந்தக் கல்யாணத்துக்குத்தான் மூவருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைத்திருந்தது. கல்யாணச் சாப்பாடு மண்டபத்தில். முந்தின நாள் நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் வீட்டில். அந்த வீட்டுச் சாப்பாட்டில் அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது.

"ஒரே பந்தி தம்பி. ஆம்பளைங்க கூடத்துல, பொம்பளைங்க உள்ரூம்புல, எல்லாரும் ஒரே நேரத்துல உக்காரணும். எப்பவும் மொதல்ல ஆம்பளைங்க, அப்பறம் புள்ளைங்க, கடைசில நாங்கன்னுதான் நடக்குது. கல்யாணமான நாள்லேருந்து ஒரு விசேசத்துலயும் நான் சூடா சோறு தின்னதில்ல."

அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாற்பத்தெட்டுப் பேர், பன்னிரண்டு சஹன். நான் டேப் பிடித்து அளந்தேன். கூடத்தில் எட்டு, உள்ளறையில் மூன்று, ஆக பதினொன்று என்றேன். அக்கா காலால் வட்டம் இழுத்துப் பன்னிரண்டு என்றார். பந்தயம் கட்டினோம். நான் ஜெயித்தால் அவர் இனி ஸ்கர்ட்டிங் துண்டுகளுக்குக் காசு தர வேண்டும். அவர் ஜெயித்தால் நான் கடை போர்டில் முழு விலையை எழுதி வைக்க வேண்டும். பிறகு செலவுக் கணக்குக்கு உட்கார்ந்தோம். ஒட்டுகிறவர்களின் டீ வரைக்கும் ஒன்று விடாமல் அக்கா சேர்த்தார். பழைய மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டிவிட்டால் உடைக்கிற கூலியும் டிராக்டர் வாடகையும் மிச்சம் என்று அவரே யோசனை சொன்னார். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன்.

நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு வரும். உயரம் அதில் வராது. இத்தனை வருடம் டைல்ஸ் விற்ற எனக்கும் அது தோன்றவில்லை, ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்ன அவருக்கும் தோன்றவில்லை. கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒட்டினார்கள். வேலை முடிந்து மாட்டப் போனால் ஒரு கதவும் நுழையவில்லை. பழைய தரைமேல் புதுத் தரை ஏறியதில் எல்லாக் கதவும் வாசலைவிட உயரமாகிவிட்டது. அடியில் அறுக்க வேண்டும். கல்யாண மாதம் என்பதால் ஆசாரி ஒருவரும் கிடைக்கவில்லை. செந்துறையில் எனக்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டேன். நான்கு நாள் கழித்து வருகிறேன் என்றார். கல்யாணமே முடிந்திருக்கும்.

"டேப்பு புடிக்கத் தெரிஞ்சா போதுமாடா? கதவு இருக்கறது கண்ணுல படலியா?" என்று அக்கா எனக்கு அர்ச்சனை செய்தார். நானும் விடவில்லை. "நீங்க சேதாரத்துல சேக்காம வுட்டுட்டு என்னயச் சொல்றீங்களா?" என்றேன். பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோதே அவர் நின்றுவிட்டார். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் நிலைப்படி ஒன்று துருத்திக்கொண்டு நிற்குமே, அதைக் காணோம். புதுத் தரை ஏறி நிலைப்படிக்குச் சமமாகிவிட்டது. கதவும் இல்லை, படியும் இல்லை. இரண்டு அறையும் ஒரே தரை. அக்கா மெதுவாகப் போய் அந்த வாசலின் நடுவில் காலால் ஒரு வட்டம் இழுத்தார். பாதி கூடத்தில், பாதி உள்ளறையில்.

"எண்ணு தம்பி" என்றார். பன்னிரண்டு.

அந்த வீட்டுச் சாப்பாட்டை நான் மறக்கப் போவதில்லை. கதவே இல்லாத கல்யாண வீடு. குழந்தைகள் தடுப்பே இல்லாமல் முன்வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடின. தோற்றவன் என்று சொல்லி, கூடத்தில் உள்ளறை வாசலை ஒட்டிய சஹனுக்குப் பதினொன்று என்று பேர் வைத்து என்னை அதில் உட்கார வைத்தார். வாசல் நடுவில் இருந்த பன்னிரண்டாவதில் அக்கா உள்ளறைப் பக்கமும் மூன்று மகன்கள் கூடத்துப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். முதல் கவளத்தை வாயில் போட்டதும், "ஆ, சுடுதுடா!" என்று கத்தினார்.

"ஆறட்டும்மா" என்றான் கடைசி மகன்.

"ஆறுனதத்தானடா இத்தன வருசமாத் தின்னேன். சும்மா இரு!"

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளறையில் பெண்கள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டிருக்கும். முன்வாசலுக்கும் கதவு இல்லாததால் நகைக்குக் காவலாக மகன்கள் மூவரும் அன்று வாசலை அடைத்து வரிசையாகப் படுத்தார்களாம். "மூணையும் ஒண்ணாப் படுக்க வெச்சுப் பாத்து எத்தன வருசமாச்சு" என்று மறுநாள் மண்டபத்தில் என்னிடம் சொன்னார். ஒரு மாதம் கழித்து, கதவையெல்லாம் தான் வேண்டுமென்றேதான் கணக்கில் சேர்க்காமல் விட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. பேசினாலும் எடுபடாது. என் கடை போர்டில் இன்று இரண்டு விலை எழுதியிருக்கிறது: ஒன்று டைல்ஸ் விலை, அதன் கீழே 'செய்கூலி, சேதாரம், கதவு அறுக்கும் கூலி உட்பட'. படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்; சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள்.

அடக்கத்தன்று மகன்கள் யாராலும் வந்து சேர முடியவில்லை. அந்தப் பளபளப்பான தரையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். பஷீருக்காகவும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிச் சோறு போடும் சடங்குக்கு மூவரும் வந்துவிட்டார்கள். கதவுகளை ஆசாரி எப்போதோ அடியில் அறுத்து மாட்டியிருந்தார். கூடத்தில் எட்டு சஹனும் உள்ளறையில் மூன்றும் வைத்த பிறகு ஆட்கள் மிச்சம் நின்றார்கள். பெரியவர் ஒருவர், "ஆம்பளைங்க மொதல்ல உக்காருங்க. பொம்பளைங்க அடுத்த பந்தியில சாப்டட்டும்" என்றார். எப்போதும் நடக்கிற பேச்சு. அவர் மேல் தப்பில்லை. பஷீர் என்னைப் பார்த்தான். அவனுக்கு என்னைவிட நான்கு வயதுதான் குறைவு; அம்மா என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே காரணத்துக்காக மாமா என்கிறவன்.

"திருப்புளி இருக்கா?" என்று கேட்டேன்.

உள்ளறைக் கதவின் கீல்களை நானும் அவனுமாகக் கழற்றினோம். கதவைத் தூக்கிக் கொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தபோது, வாசலின் நடுவில் பன்னிரண்டாவது சஹனை வைத்து ஆவி பறக்கச் சோறு கொட்டியிருந்தார்கள். உள்ளே பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மகன்கள் மூவரும் பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். உள்ளறைப் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. பிறகு பஷீர் எழுந்து தன் அம்மாவின் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, தான் எழுந்த இடத்தைத் தட்டிக் காட்டினான்.

"உக்காருங்க மாமா. மூணு பேரு உக்காந்தா அம்மா திட்டும்."

அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, கடைக்கு வந்து சதுர அடி என்ன விலை என்று கேட்கிறவர்களிடம் எத்தனை பேர் உட்காரணும் என்று நான் முதலில் கேட்பது. மற்றொன்று இந்தக் கணக்கு. அந்தக் கூடத்தையும் உள்ளறையையும் எத்தனை முறை டேப் பிடித்தாலும் பதினொன்றுதான் வருகிறது. பன்னிரண்டாவதில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு நன்றாகச் சுட்டது.