நான் மாற்றிப் படித்த தொடர்கதை

புளி நெடி பல்லைக் கூசவைக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் என் முதல் சரித்திரக் கதையைச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட, படிப்பதுபோல் நடித்தேன் என்பதே சரி.

அது நாற்பதுகளின் நடுப்பகுதி. அப்பா மொரப்பூர் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா என்பதால், சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை எங்கள் கைக்குத்தான் முதலில் வரும். அதிலிருந்த ராஜா ராணித் தொடரை, பக்கத்துக் களத்தில் 'புளி தட்டி'க் கொட்டை எடுக்கும் பெண்களுக்கு நான் உரக்கப் படிப்பேன். அவர்களில் ஒருத்தி காவேரி, என் வயதுக்காரி, எழுத்து அறியாதவள். அவள் வந்து உட்கார்ந்தால் என் குரலே வேறாகிவிடும். அவளை நான் காதலித்தேன் என்று இன்று எழுத முடிகிறது; பெண்ணுக்குப் பெண்மேல் வரும் அதற்கு அன்று என்னிடம் பெயர் இல்லை.

காவேரிக்கு அரூர்ப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்த வாரம், தொடரில் இளவரசிக்கும் கலியாணம். எனக்குப் பொறுக்கவில்லை. அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, இளவரசியும் தோழியும் ஒரே குதிரையில் ஏறிக் கோட்டையைத் தாண்டிப் போனார்கள் என்று வாய்க்கு வந்ததைப் படித்தேன். ஒரு பொய்யோடு நிற்குமா? வாரா வாரம் அளந்துவிட வேண்டியதாயிற்று. அச்சில் இளவரசிக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. எங்கள் களத்தில் அவள் தோழியோடு மலைமேல் சாமை விதைத்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டப் புள்ளைங்க ரெண்டு பேரு தனியா பொழைக்க முடியுமா கண்ணு?" என்று ஒரு கிழவி சந்தேகப்பட்டாள். "எழுத்துல இருந்தா நடந்துதான் இருக்கும் ஆயா" என்று காவேரிதான் அவளை அடக்கினாள்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், காவேரி துணிமூட்டையோடு நிலையத்துக்கு வந்து நின்றாள்.

"அவங்க ரெண்டு பேரும் போனாங்கல்ல? நாமளும் போலாம் வா புள்ள. எந்த வண்டில ஏறணும்?"

ஜோலார்பேட்டை வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள். உள்ளே அப்பா இருந்தார். "அது புஸ்தகத்துல இல்ல காவேரி. நானா கட்டுன கதை" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "அப்ப அது நடக்கலியா?" என்று மட்டும் கேட்டாள். மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அந்தப் பத்திரிகை நின்று எத்தனையோ காலம் ஆகிறது. காவேரியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் பன்னிரண்டு சரித்திர நாவல்கள் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். "இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா?" என்று பேராசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் "உண்டு" என்று தயங்காமல் சொல்கிறேன். கேட்க வேண்டியவள் கேட்டபோதுதான் எனக்கு வாய் எழவில்லை.