மெஹந்தி பீரியட்

1. கையும் களவுமாக

பள்ளி திறந்த மறுநாள், பிரின்சிபால் மேடம் கதவைத் திறந்தபோது நான் எல்.கே.ஜி. வகுப்பின் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையில் சாக்பீஸ் இல்லை, புத்தகம் இல்லை. டிபன் சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் சுற்றிலும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் முழங்காலில் சாய்ந்துகொண்டு, அவர்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை குட்டி என்பதில் அவளுக்கே ஒரு முடிவு இல்லை.

"ஸ்டெல்லா, என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"கேட்டுக்கிட்டிருக்கேன் மேடம்."

"அது தெரியுது. வேலை என்ன பண்றீங்கன்னு கேட்டேன்."

வசந்தா மேடம் அந்த ஜூனில்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். சென்னைக்காரர். கணவர் தார்நாகா ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. கெட்ட மனுஷி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.டி. கம்பெனிகள் வந்து, ஹைதராபாத் முழுக்க இளம் தம்பதிகள் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. தெருவுக்கு ஒரு நர்சரி பள்ளி முளைத்துவிட்டது. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் நாலு பள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். மேடத்தின் கவலை அது.

"பேரன்ட்ஸ் ஜன்னல் வழியா பாக்கறாங்க. டீச்சர் சும்மா உக்காந்திருந்தா நம்ம ஸ்கூலைப் பத்தி என்ன நினைப்பாங்க? நாளையிலேர்ந்து ஃப்ரீ ப்ளே டைம்ல சார்ட் வேலை பாருங்க."

மறுநாளிலிருந்து அந்த அரைமணி நேரமும் என் கையில் கத்தரிக்கோல். ஆப்பிள், வாத்து, பலூன் என்று சார்ட் பேப்பரில் வெட்டித் தள்ளினேன். சுவர் நிறைந்தது. என் முழங்காலில் சாய்கிற பிள்ளைகள் குறைந்தார்கள். கத்தரிக்கோல் இருக்கிறதே, கிட்டே வராதே என்று நானே விரட்ட வேண்டியிருந்தது.

சின்னப் பிள்ளைகளோடு பேசுவதில் நான் கெட்டிக்காரி. தற்பெருமை என்றால் தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது என்ன கலர், இது எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு அது பரீட்சை. பதில் சொல்லிவிட்டு ஓடிவிடும். கேள்வியைக் குறைத்துக்கொண்டு, அதன் உயரத்துக்கு உட்கார்ந்து, "அப்புறம்?" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டால் போதும். பிள்ளை சொல்லச் சொல்ல உங்களுக்கு வீட்டுக்குப் போக மனசு வராது. அந்த அரைமணியைத்தான் மேடம் பிடுங்கிக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீட்டில் போய்ப் புலம்பினேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டு. இரண்டு பேருமே மௌலா அலி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் தமிழில் பாதி ஹைதராபாத்: ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"கைக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? ஸ்கூல்ல சும்மா உக்காரணும்னு சண்டை போடறே. வீட்ல ஒரு நிமிஷம் சும்மா உக்காருன்னா நக்கோங்கறே!" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மைதான். வீட்டில் எனக்கு ஓய்வு என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரோடும் பக்கத்து வீட்டாரோடும் ஆடும் கேரம் மட்டும்தான். அதிலும் அதுவரை நான் ஜெயித்ததாகக் காலனியில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

2. யாழினி

அந்த வருட எல்.கே.ஜி.யில் யாழினி என்று ஒரு குழந்தை. அப்பாவும் அம்மாவும் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர்கள். இரண்டு பேரும் சாஃப்ட்வேர். காலையில் கம்பெனி பஸ் பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போவார்கள். வீடு திரும்பிய பிறகும் அமெரிக்காவோடு போனில் வேலை நடக்கும்.

ஜூனில் சேர்ந்த யாழினி தசரா லீவு முடிந்தும் வாய் திறக்கவில்லை. கலர் அடிப்பாள், வரிசையில் நிற்பாள், அட்டெண்டன்ஸுக்குக் கை தூக்குவாள். ஒரு வார்த்தை வராது. ரைம்ஸ் சொல்லும்போது உதடுகூட அசையாது. பிள்ளைகள் பொம்மை மூலையில் 'ஆபீஸ்' என்று ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவன் மரக்கட்டையைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்பான். மற்றவர்கள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். சத்தம் போட்டவர் அவுட். யாழினி ஒருநாளும் அவுட் ஆனதில்லை.

அவள் அம்மா கவிதா அடிக்கடி லீவு போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"வீட்ல வாய் ஓயாமப் பேசறாளுங்க மிஸ். நான் பொய் சொல்லலீங்க."

மேடம் டாக்டரிடம் காட்டச் சொன்னார். காட்டினார்கள். காதில் கோளாறு இல்லை, நாக்கில் கோளாறு இல்லை. கடைசியில் மேடம் ஒரு முடிவுக்கு வந்தார்: கிறிஸ்துமஸ் லீவுக்குள் குழந்தை பேசாவிட்டால் கீழ் வகுப்பான நர்சரிக்கு இறக்கிவிடுவது.

அன்று கவிதா என் வகுப்பு வாசலிலேயே அழுதுவிட்டாள். "நர்சரிக்கு எறக்கிட்டா, புள்ளையக் கொண்டாந்து ஊர்ல விட்ருங்கன்னு எங்க மாமியார் வீட்ல சொல்லிட்டாங்க மிஸ். 'நீங்க ரெண்டு பேரும் வேலை வேலைன்னு ஓடறதுனாலதான் புள்ள இப்படி ஆயிருச்சு'ங்கறாங்க. இவங்க அப்பாவும் சரின்னுட்டாரு. அவளை அங்க விட்டுட்டு நான் இங்க எப்படீங்க இருப்பேன்?"

பார்க்கலாம் அம்மா என்று மட்டும் சொன்னேன். எனக்கே அது போதாத வார்த்தையாகப் பட்டது.

3. இரண்டு கையிலும்

ரம்ஜான் லீவுக்கு முந்தின நாள் எங்கள் பள்ளியில் மெஹந்தி வைப்பது வழக்கம். மருதாணியை இங்கே மெஹந்தி என்றுதான் சொல்வோம். எங்கள் ஆயா ரஸியா பீ அதில் கைதேர்ந்தவர். பெரிய வகுப்புப் பெண்களுக்கு வைத்துவிட்டு, டிபன் நேரத்துக்குப் பிறகு என் வகுப்புக்குள் கோனோடு வந்துவிட்டார். ஒரு கையில் மட்டும் வையுங்கள், சார்ட் வேலை இருக்கிறது என்றேன்.

"ஏக் ஹாத் நக்கோ டீச்சரம்மா. தோனோ!"

ஒரு கை போதாதாம், இரண்டும் வேண்டுமாம். ரஸியா பீயிடம் யாரும் ஜெயிக்க முடியாது. மேடத்தின் இரண்டு கைகளையுமே அவர் விட்டுவைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எனக்கு மணிக்கட்டு வரை கொடி கொடியாகப் போட்டுவிட்டு, காயும் வரை எதையும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். ஈரம் காயாத உள்ளங்கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு என் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

யாழினி வந்தாள். என் இடது கையைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து என் காதைப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய் இன்னொரு காதையும் பார்த்தாள்.

"மிஸ், ஃப்ரீயா?"

குரல் சின்னதாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதறிக் காட்டினால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"ஹவ் கண்ணு. ஃப்ரீதான்."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள்.

"மொத நாளு நீங்க குடுத்தீங்கல்ல, செகப்பு டம்ளரு? அது ஒழுகுச்சுங்க மிஸ். என்ற கவுனு நனைஞ்சு போச்சு. நான் அழுவல. அப்பறம் அந்தப் பையன் என்ற பேக்கு மேல உக்காந்துட்டான்."

ஜூன் மாதம் முதல் நாள்! அன்றிலிருந்து நடந்தவை எல்லாம் அவளிடம் வரிசையாக இருந்தன. யாரும் ஃப்ரீயாக இல்லாததால் சொல்லாமல் வைத்திருந்தாள். முதல் வாரத்து மழையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ரஸியா பீதான் தன் துப்பட்டாவால் என் மூக்கைத் துடைத்துவிட்டார், ஏதோ நர்சரிப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி.

லீவு முடிந்து மறுபடி கத்தரிக்கோலை எடுத்தேன். யாழினி வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் கவிதாவைக் கேட்டேன். யாழினி கையையும் காதையும் பார்த்ததை நான் சொல்லும்போதே அவள் முகம் மாறியது.

"நாந்தானுங்க மிஸ் சொல்லிக்குடுத்தேன். அம்மா கையில வேலை இருந்தா, காதுல போன் இருந்தா பேசக்கூடாது, ஃப்ரீயான்னு கேட்டுட்டுத்தான் பேசோணும்னு. நான் போன் கால்ல இருக்கறப்ப கத்துவா, அதுக்கோசரம் சொன்னேன்."

"நல்ல பழக்கம்தானே அம்மா சொல்லிக்குடுத்திருக்கீங்க. சொன்னதை இவ்ளோ சரியாப் புடிச்ச புள்ளைய நான் பார்த்ததில்ல. ஸ்கூல்ல ஒருத்தரும் ஃப்ரீயா இல்லேன்னா அதுக்கு அவ என்ன பண்ணுவா?"

வேலை இருந்தாலும் மிஸ்ஸிடம் பேசலாம் என்று இரண்டு பேரும் அவளுக்குச் சொல்லிப் பார்த்தோம். சமர்த்தாகத் தலையாட்டினாள். பேசவில்லை. அவள் இத்தனை மாதம் கண்ணும் கருத்துமாகக் காத்த சட்டம் அது. ஒரு வார்த்தையில் போகுமா?

4. மேடத்தின் கைகள்

மேடத்திடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. "என் முன்னாடி பேசட்டும், பாக்கலாம்" என்றார். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஒருநாள் கவிதாவையும் குழந்தையையும் ஆபீஸ் ரூமுக்கு அழைத்தார். மேஜை மேல் ஃபைல், கையில் பேனா, பக்கத்தில் போன். பிரியமாகத்தான் கேட்டார்: பெயர் என்ன, என்ன சாப்பிட்டாய். யாழினி பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாரிம்மா" என்று கவிதாவைப் பார்த்தார் மேடம். கவிதா குழந்தையின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"மேடம், ஒரே ஒரு வாட்டி எங்க கிளாஸுக்கு வந்து உக்காருங்க. பேனா வேணாம், போன் வேணாம், கேள்வியும் வேணாம். கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க. அப்பவும் பேசலைன்னா நானே நர்சரியில கொண்டு விட்டுடறேன்."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வந்தார். டிபன் நேரம் முடிந்து என் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கவிதா வெளியே ஜன்னலோரம் நின்றாள். சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று மேடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கை கண்ணாடிக்குப் போனது. வாட்சுக்குப் போனது. புடவைக் கொசுவத்தை நீவியது. ஒவ்வொரு முறையும் நான் தொண்டையைச் செருமினேன். பொம்மை மூலையிலிருந்து யாழினி கவனித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மேடத்தின் கைகள் ஓய்ந்து மடியில் கிடந்தன.

யாழினி எழுந்து வந்தாள். இரண்டு கைகளையும் பார்த்தாள். சுற்றிப் போய் இரண்டு காதுகளையும் பார்த்தாள்.

"மேடம், ஃப்ரீயா?"

மேடம் கையை மடியிலிருந்து எடுக்காமலே, "ஃப்ரீதான்டா கண்ணா" என்றார்.

"மொத நாளு ஸ்கூல் கேட்டுல நின்னு எனக்கு சாக்லேட் குடுத்தீங்கல்லங்க? அது கசந்துச்சு. நான் துப்பிட்டேன்."

மேடம் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. யாழினி சிரிக்கவில்லை, அவளுக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. மணி அடித்த பிறகும் மேடம் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் கவிதா துப்பட்டா முனையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு மேடம் அவளிடம் போய், "நர்சரியும் வேண்டாம், கோபியில கொண்டு விடறதும் வேண்டாம். வீட்ல போய் தைரியமா சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரமே ஆர்டர் வந்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. டீச்சர்கள் டிபனுக்குப் பிறகு அரைமணி கையில் எதுவும் இல்லாமல் உட்கார வேண்டும். டைம்டேபிளில் என்ன பெயர் போடுவது என்று பேச்சு வந்தபோது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அதை மெஹந்தி பீரியட் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மேடம் அப்படியே போட்டுவிட்டார்.

"பேரன்ட்ஸ் கேட்டா?" என்றேன்.

"ஆர்ட் அண்ட் கிராஃப்ட்னு சொல்லிக்கறேன், போங்க."

5. நேற்று வரை

இப்போது வேலைக்கு வருகிற பெண்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். டிரெயினிங் முடித்து, ஆக்டிவிட்டி, ஒர்க்‌ஷீட் எல்லாம் தயாராக வைத்திருக்கிறார்கள். மெஹந்தி பீரியடை மட்டும் வீண் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். பிள்ளைகள் நம் கையைப் பார்க்கிறார்கள். தினம் கொஞ்ச நேரம் அது காலியாக இருப்பதை அவர்கள் பார்க்கட்டும். நான் வாங்கிய சம்பளத்தில் எந்த வேலைக்கான பங்கை நெஞ்சை நிமிர்த்தி வாங்கினேன் என்று கேட்டால், அந்த அரைமணிக்கான பங்கை என்பேன்.

யாழினி தினமும் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். ஜூலை முடிந்தது, விநாயகர் சதுர்த்தி முடிந்தது, தசரா முடிந்தது. நடுவில் நான் ஏதாவது கேட்டால், "அது இன்னும் வரலீங்க மிஸ்" என்று அடக்கிவிடுவாள். பள்ளி வருடத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள், முந்தின நாள் சாயங்காலம் அம்மாவோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"அவ்ளோதானுங்க மிஸ். நேத்து வரைக்கும் வந்துருச்சு."

எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்தாள்.

"நானும் ஃப்ரீதான். நீங்க சொல்லுங்க."

எத்தனையோ வருட சர்வீஸில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நான் கேரமில் சிவப்புக் காயைப் போட்டு, அதற்குத் துணைக்காயும் போட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக என் வீட்டுக்காரரைத் தோற்கடித்திருந்தேன். அதை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் கேட்டாள்: "அப்பறம்?"