படத்தில் விழாத ரத்தம்

வேங்கிக்காலில் ஆபீஸ் விட்டு வந்து உடை மாற்றும்போதுதான் முதலில் பார்த்தேன். ஜாக்கெட்டின் உட்புறம், இடது மார்புக் காம்பு படும் இடத்தில் பழுப்பாக ஒரு கறை. அழுத்திப் பார்த்தேன். கட்டி தட்டுப்படவில்லை, வலியும் இல்லை. காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் ஒரு சொட்டு வந்து நின்றது. என் கடைசி மகளே காலேஜ் போகிறாள். பால் நின்று எத்தனையோ வருஷம்.

டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் மேமோகிராம் எடுத்தார்கள். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்கியபோது தட்டிலேயே ரத்தம் சொட்டியது. அங்கிருந்த பெண் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பிறகு அல்ட்ராசவுண்ட். இரண்டிலும் ஒன்றுமில்லை என்றார்கள்.

"நார்மல்னு வந்துடுச்சு, விடு," என்றார் என் கணவர். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நானும் நம்பினேன். பஞ்சு வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் ஆபீஸ் போனேன். கறை மட்டும் நிற்கவேயில்லை.

கடைசியில் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்காக எங்கள் ஊருக்குள் வரும் பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தது. நாங்கள் ஏறியதில் ஆளே இல்லை.

"மேமோகிராம்ல தெரியலன்னா நோயே இல்லன்னு அர்த்தமில்லம்மா," என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். "பால் குழாய்க்குள்ளயே இருக்கறது சில சமயம் அதுல விழாது. ரத்தமா வேற வருது. எம்.ஆர்.ஐ. பாத்துடலாம்."

குப்புறப் படுக்க வைத்து, கையில் மருந்து ஏற்றி, மெஷினுக்குள் தள்ளினார்கள். அந்த இரைச்சலில் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். காம்பிலிருந்து உள்ளே, வேர் ஓடின மாதிரி வெள்ளையாக ஒரு கோடு.

"இவ்ளோ தூரமா?" என்றார் கணவர்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் உறுதியானது. குழாயைத் தாண்டியும் பரவியிருந்தது. மார்பை முழுசாக எடுத்தார்கள். அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளிலும் புற்று இருந்தது.

"மொதல்லயே இந்த எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தா கம்மியா இருந்திருக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது இடுப்பெலும்பில் வலி. அங்கேயும் பரவியிருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "நாளைக்கே போயிடலாம்," என்கிறார் கணவர். நான் அந்த நார்மல் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பையில் வைக்கிறேன்.