ஆறு மணி, சுகம்

விடியும் முன்பே என் தங்கை வந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள். மனிதர்களோடு நிலவைச் சுற்றப் போன விண்கலம் அதன் மறுபக்கத்தில் மறைந்திருந்தது. என் கைப்பேசியில் தெரிந்தது தரைக் கட்டுப்பாட்டு அறை மட்டும்தான். வரிசையாக மேசைகள், ஹெட்போன் மாட்டியவர்கள். ஒரு சத்தமும் இல்லை.

“ஏன் நானா, இவங்க கல்லு மாதிரி இருக்காங்க?” என்று அண்ணனான என்னிடம் கேட்டாள்.

“நிலவு மறைக்குது. அலை வராது. வெளிய வந்து பேசுறவரைக்கும் காத்திருக்கணும்.”

“அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டுக்குக்கூட வராதா?” என்று சிரித்தாள். பிறகு, “நீங்களும் அந்த வயர்லெஸ் அறையில இப்படித்தானே இருந்திருப்பீங்க, பாவம்” என்றாள்.

கற்பிட்டிக் கடற்கரையில், பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகளோடு பேசும் வயர்லெஸ் அறையில் நான் வேலை செய்தேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அவளுடைய கணவர் கடலிலிருந்து அழைப்பார். படகு நிற்கும் இடத்தையும் ‘சுகம்’ என்பதையும் நான் கொப்பியில் எழுதுவேன்.

இருபது வருடத்துக்கு முன் ஒருநாள், ஒரு வலீமா கல்யாண விருந்துக்குப் போக அவசரம். நாலு மணிக்கே ‘ஆறு மணி, சுகம்’ என்று எழுதினேன். இடத்தையும் உத்தேசமாகப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை படகிலிருந்து பதில் இல்லை. தேடியவர்கள் நான் எழுதிய இடத்துக்கே போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள், வெகு வடக்கே, அந்தப் படகின் ஐஸ்பெட்டி மூடி மட்டும் கிடைத்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் தங்கை ஒன்றையே சொன்னாள்: “ஆறு மணிக்கும் சுகமாத்தான் இருந்திருக்கார். கஷ்டப்படாமத்தான் போயிருப்பார்.” இருபது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு பெண் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். எழுதவில்லை. என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அவர் சுகம் எண்டு சொல்லல்லையா?”

“நான் காதால கேட்கல்ல. அந்த நேரம் நான் அங்க இல்ல.”

“கூப்பிட்டிருப்பாரா?”

“தெரியாது, தங்கச்சி.”

அப்போது கரகரவென்று விண்கலத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் குனிந்து எழுதினாள்.

பள்ளிவாசலில் விடிகாலைப் பாங்கு சொன்னார்கள். “தொழுதிட்டு வாறன்” என்று தங்கை எழுந்து போனாள்.

சில நாள் கழித்து, விண்கலத்தில் போனவர்கள் பூமிக்குத் திரும்பி வந்ததை நான் தனியாகத்தான் பார்த்தேன்.