அப்பளம் கேட்ட பிணம்

திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற பெண்பிள்ளைகள் இல்லமொன்றில் நான் வளர்ந்தேன். தாய் தகப்பன் இல்லாத எங்களுக்கு, யாராவது செத்தால்தான் நல்ல சாப்பாடு. நக்கலுக்குச் சொல்லவில்லை. ஊரில் யாருக்காவது ஆண்டுத் திவசம் வந்தால், வீட்டுக்காரர் இல்லத்தில் நாள் பதிந்து எங்களுக்கு மதியச் சாப்பாடு தருவார்கள். செத்தவரின் படத்துக்கு மாலை போட்டு, சாப்பாட்டு மண்டபத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கதிரையில் வைப்பார்கள். முன்பின் தெரியாத அந்த முகத்துக்கு முன்னால் தேவாரம் பாடி முடித்தால்தான் வடையும் பாயாசமும்.

நான் அந்த முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்துகொள்வேன். இல்லத்தில் கூட வளர்ந்த என் தோழிக்குச் சிரிப்பு வரும். பதினாறு வயதில் அவள்தான், "எடியே, இதைப் படமாய் எடுப்பம்" என்றாள். கதையும் அவளுடையதுதான். திவசப் படத்தில் இருந்த யாரோ ஒரு வயதான அம்மா எழும்பி வந்து, "எனக்கு ஏன் அப்பளம் வைக்கேல்லை?" என்று சண்டை பிடிப்பார். இல்லத்துப் பிள்ளைகள் விடமாட்டார்கள். "செத்தாக்களுக்கு என்ன அப்பளம்?" என்று அவரைத் துரத்துவார்கள்.

கிண்ணியாவில் இருந்து சனிக்கிழமைகளில் வந்த தையல் ரீச்சரின் போன்தான் எங்கள் கமரா. அவர் உள்ளறையில் மதிய லுஹர் தொழுகையை முடித்து வருவதற்குள், அவருக்குத் தெரியாமல் ஒரு காட்சியை முடித்தாக வேண்டும். நல்லகாலம், அவர் ஆறுதலாகத்தான் வருவார். பிணம் அவள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் பட்டை விபூதி. படம் பிடித்தது நான். அவளோ சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் குழப்பினாள்.

"அசையாதையடி! செத்த ஆக்கள் சிரிக்கிறேல்லை!" என்று கத்தினேன்.

அந்த ஒருமுறைதான் என் சொல்லுக் கேட்டாள். நான் மூன்று எண்ணும்வரை அசையாமல் கிடந்தாள். வாயோரம் மட்டும் கொஞ்சம் துடித்தது.

கடைசிக் காட்சியை நாங்கள் எடுக்கவில்லை. அடுத்த மாதம் டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சோடு அவளைக் கண்டபோது, சத்தியமாய், இப்போது சிரித்துவிடுவாள் என்றுதான் நின்றேன். மூன்றுக்கு மேலும் எண்ணினேன்.

அவளுக்கென்று யாரும் திவசம் செய்யவில்லை. நாள் பதிய உறவு வேண்டுமே. எனக்கு வேலை கிடைத்ததும் நானே பதிந்தேன். அவளும் ஒருநாள் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் படத்துக்கு எங்கே போவது? இல்லத்துக் கோப்பில் இருந்தது ஆறு வயதில் மொட்டையடித்த, பயந்த முகம். அது அவளில்லை. ரீச்சரைத் தேடிக் கிண்ணியாவுக்குப் போனேன்.

"நீங்க எடுத்ததெல்லாம் எனக்குத் தெரியும் மகள். நான் அழிக்கல்ல," என்றார்.

தொழுத பாயில் அவர் ஏன் அவ்வளவு நேரம் இருந்தார் என்பது அன்றுதான் விளங்கியது.

நான் மூன்று எண்ணும்வரை அவள் அசையாமல் கிடந்த காட்சியில் இருந்து ஒரு படத்தைப் பிரித்து, ஸ்ரூடியோக்காரர் கணினியில் பஞ்சை அழித்தார். "வாயையும் நேராக்கி விடவோ? திவசப் படத்துக்குச் சிரிப்பு வடிவில்லை," என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அதில கை வையாதேங்கோ," என்றேன்.

போன மாதம் அவள் கதிரையில் இருந்தாள். பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். முன்வரிசையில் ஒருத்தி படத்தைப் பார்த்துக் களுக்கென்று சிரிக்க, பொறுப்பாளர் முறைத்தார். நான் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கறிகளும் வடையும் வைத்தேன். அப்பளத்தை மட்டும் வைக்கவில்லை.

"கேளடி," என்றேன்.

பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவப் போனார்கள். அப்பளம் கையில் நமத்துப்போகும்வரை நான் அங்கேயே நின்றேன்.