எண்பதாவது பிள்ளை

தெருவுக்குள் நுழைந்ததும் தேவசிகாமணி சார் முதலில் பார்ப்பது கொடியில் காயும் துணிகளை. சட்டை ஒன்றரைச் சாண் என்றால் இரண்டு வயது, தாண்டிப் போய்விடுவார். இரண்டு சாணுக்குக் கிட்ட வந்தால் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார்.

பேட்டையில் ஒரு மிஷன் தொடக்கப்பள்ளியில் அவர் மூன்றாவது வாத்தியார். ஆகஸ்டு முதல் தேதி தலை எண்ணும்போது எண்பது பிள்ளைகள் இருந்தால் மூன்று வாத்தியார். ஒன்று குறைந்தாலும் இரண்டுதான். கடைசியாகச் சேர்ந்தவர், களக்காட்டுப் பக்கம் எங்காவது இடம் காலியாகும்வரை வீட்டில் இருக்க வேண்டும். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூலைக் கடைசியில் கணக்கு எழுபத்தொன்பதில் வந்து நின்றது.

இத்தனைக்கும் மக்கள்தொகைப் பெருக்கம் பாடத்தை அவரைப்போல நடத்த ஆள் கிடையாது. "ஆளு கூடிச்சுன்னா வேலை கிடைக்காது. விளங்குதாலே?" என்று மேசையைத் தட்டுவார். ஐந்தாம் வகுப்பில் மொத்தம் இருக்கும் பதினோரு பேரும் விளங்குது என்பார்கள்.

மனைவி இன்பமணி கிராம சுகாதார நர்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அதிகம் பேரைச் சம்மதிக்க வைத்ததற்குப் பாராட்டுப் பத்திரம் வாங்கியவள்.

"ஒனக்கு நல்ல பேரு கெடைக்கக் கெடைக்க எனக்கு வகுப்பு காலியாவுதுட்டி. கொஞ்சம் பைய வேலை பாத்தா என்ன?"

"நான் ரெண்டு போதும்னு சொல்லிட்டு வார வீட்டுலயே போயி, இன்னும் பிள்ளை இருக்கான்னு கேக்கிய. தெருவே சிரிக்கி."

மிச்சம் இருந்தது, பீடி சுற்றும் ஆபிதா பீவியின் வீடு. மூத்தவன் ஆட்டோவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறான். இளையவள் ஜுலைகா இன்னும் எங்கும் சேரவில்லை.

"இவளையும் அங்கனதான் சேக்கணும் சார். ரெண்டோட நிறுத்துனா நல்லாப் படிக்க வைக்கலாம்னு ஒங்க வீட்டம்மாதானே சொன்னாவ."

"நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சாலும் வேலை கிடைக்கும்மா."

"ஒங்க தம்பி எஸ்றா ஒங்க பள்ளிக்கூடத்துலதானே படிச்சாவ? இப்ப என்ன வேலை பாக்காவ?"

எஸ்றா பி.எஸ்சி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஆறு வருஷம். சார் பாடத்தை விட்டுவிட்டுப் பேசினார்.

"இவளுக்கு வேலை கிடைக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. இவ வந்தா எனக்கு வேலை இருக்கும்."

ஆபிதா பீவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ரெண்டு வருசம் ஒங்ககிட்ட இருக்கட்டும் சார். பொறவு மாத்திக்கிடுதேன்."

மறுநாள் காலை ஜுலைகா தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் நின்றாள். ஐந்து வயது ஆயிற்றா என்று பார்க்க, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொட வேண்டும். எவ்வளவு எக்கியும் அவள் விரல் காதுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற தேவசிகாமணி சார் அவளுடைய இடது காதை இரண்டு விரலால் பிடித்து, வலிக்காமல், பைய மேலே தூக்கிக் கொடுத்தார்.